பொறுப்பைக் கொடுத்தால் அதிகாரத்தையும் கொடுப்போம்

(தன்னார்வலர் கூட்டத்தில் அறக்கட்டளைச் செயலாளர் ஆற்றிய உரை)



2022 ஆகஸ்டில் மேட்டூர் அணையிலிருந்து விநாடிக்கு 2 லட்சம் கன அடிக்கு மேல் தண்ணீர் திறந்தார்கள். நம் ஊரில் கரையோர வீடுகளுக்குள் காவிரி புகுந்தது. அப்படிப்பட்ட இரவில் பால் வாங்கவும் பாய் வாங்கவும் ஒரே ஒருவரிடம் போனில் அனுமதி கேட்டுக்கொண்டிருந்தால் என்ன ஆகும்? அவர் போன் எடுக்காவிட்டால் குழந்தை பசியோடு தூங்கும். வெள்ளம் இல்லாத நாளிலும் அப்படித்தான். கல்லூரிக் கட்டணத்தின் கடைசி நாளும், ஜனாஸாவும், ஆஸ்பத்திரிச் செலவும் செயலாளர் ஊர் திரும்பும்வரை காத்திருக்காது.

மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையை நம்மில் பலர் அறிவோம். 1976இல் டாக்டர் வெங்கடசாமி 11 படுக்கைகளோடு தொடங்கியது. கிராமத்துப் பெண்களைத் தேர்ந்தெடுத்து 2 ஆண்டுப் பயிற்சி கொடுத்தார்கள். பார்வையை அளப்பது, நோயாளியைத் தயார்படுத்துவது, விளக்கிச் சொல்வது எல்லாம் அவர்கள் பொறுப்பு. மருத்துவர் தம்மால் மட்டுமே முடிந்த அறுவைச் சிகிச்சையைக் கவனிப்பார். ஒருவருக்குச் சிகிச்சை முடியும்போது பக்கத்து மேஜையில் அடுத்தவர் தயாராக இருப்பார். முதலில் பயிற்சி, பிறகு நம்பிக்கை. அதனால்தான் இலட்சக்கணக்கானோர் பார்வை பெற்றார்கள்.

பயிற்சி மட்டும் போதாது, அதிகாரமும் வேண்டும். ஹிஜ்ரி 11இல் நபி (ஸல்) அவர்கள் ஏறக்குறைய இருபது வயதான உஸாமா (ரலி) அவர்களைப் படைத் தளபதியாக நியமித்தார்கள். மூத்த ஸஹாபாக்கள் அவருக்குக் கீழே இருந்தார்கள். பிறகு கலீஃபாவான அபூபக்ர் (ரலி) அவர்கள் அந்த நியமனத்தை மாற்றவில்லை. உமர் (ரலி) அவர்களை மதீனாவில் தம்மோடு வைத்துக்கொள்ள, அந்த இளைஞரிடமே அனுமதி கேட்டார்கள். நாட்டின் தலைவர், தளபதியின் பொறுப்புக்குள் கேட்காமல் கை வைக்கவில்லை.

ஆகவே, இனி ஒரு வேலையை ஒப்படைக்கும்போது நான்கு விஷயங்களைத் தெளிவாகச் சொல்வோம்: என்ன வேலை, எந்த நாளுக்குள், எவ்வளவு ரூபாய் வரை அவரே முடிவெடுக்கலாம், எப்போது கணக்கு ஒப்படைக்க வேண்டும். யாருக்கு எது முடியும் என்பதையும் பார்ப்போம். இரவு ஷிப்டில் தறி ஓட்டும் தம்பியைக் காலையில் அலைக்கழிக்க வேண்டாம். இடையில் புகுந்து திருத்த வேண்டாம், கேட்டால் உதவுவோம். பிசகு நேர்ந்தால் தனியே அழைத்துச் சொல்வோம். பைத்துல்மால் அமானிதம், அதற்குப் பதில் சொல்லும் கடமை எப்போதும் நிர்வாகிகளாகிய நம்முடையதுதான். அதை யார் தலையிலும் இறக்கிவைக்க முடியாது.

குடும்பங்களுக்கும் ஒரு வேண்டுகோள். உதவி மனுவை விசாரிக்க ஒரு தம்பியோ தங்கையோ உங்கள் வாசலுக்கு வந்தால், "செயலாளரிடம்தான் பேசுவோம்" என்று திருப்பி அனுப்பாதீர்கள். உட்காரவைத்து விவரம் சொல்லுங்கள். நாளை நாம் இல்லாதபோது இந்த ஊரின் ஏழைக் குடும்பங்களுக்கு ஓடி வரப்போகிறவர்கள் அவர்கள்தான், இன்ஷா அல்லாஹ்.