கதவு திறக்கட்டும், கடன் தீரட்டும்!

(மயிலாப்பூரில் மாணவர் கூட்டமொன்றில் ஆற்றிய உரையின் ஒரு பகுதி)



கல்லூரிக்கும் ஊருக்கும் உள்ள உறவு குறித்துப் பேசுமாறு பணித்திருக்கிறீர்கள். கல்லூரி ஊருக்குச் செய்வது தானமா, கடனா? தானமென்றால் கொடுத்தவன் நிமிர்ந்து நிற்பான். பெற்றவன் குனிந்து நிற்பான். கடனென்றால் இருவரும் நேருக்கு நேர் நிற்பர். கடன் என்பதே என் கருத்து. அதற்குச் சான்று தேடி ஆக்ஸ்போர்டுக்குக் கப்பலேற வேண்டியதில்லை. இங்கிருந்து கடற்கரைக்கு நடந்தால் போதும்.

அக்கடற்கரைச் சாலையில், 1914ஆம் ஆண்டு, சென்னை நகரின் முதல் மகளிர் கல்லூரி தோன்றிற்று. டி லா ஹே அம்மையார் அதன் முதல் தலைவி. இன்று இராணி மேரிக் கல்லூரி என நாம் அழைப்பது அதனைத்தான். பெண்ணுக்குப் படிப்பெதற்கு என்று ஏளனம் பேசிய காலம் அது. பொம்மை வைத்து விளையாடும் வயதில் மணமுடித்து, கணவன் முகம் நினைவில் பதியுமுன்பே பொட்டிழந்து, பூவிழந்து, வீட்டு மூலையில் முடக்கப்பட்ட சிறுமியர் ஆயிரம் ஆயிரம்!

அந்த மூலையிலிருந்து எழுந்தவர் சகோதரி சுப்புலட்சுமி. இளமையிலேயே கைம்மை எய்தியவர். 1911இல் பட்டம் பெற்றார். பெற்ற பட்டத்தைச் சட்டமிட்டுச் சுவரில் மாட்டி மகிழ்ந்தாரா? இல்லை. தம்மைப் போன்ற சிறுமியரைத் திரட்டி, ஐஸ் அவுசில் இல்லம் நடத்தினார். அமெரிக்காவிலிருந்து கப்பலில் வந்த பனிக்கட்டி உருகாமல் காத்த கட்டடம், உருகி அழியவிருந்த உயிர்களைக் காத்தது. அதற்கும் மகளிர் கல்லூரிக்கும் இடையே தொலைவு சிறிது. இல்லத்துப் பெண்கள் கல்லூரிப் படியேறினர். மீனவர் குப்பத்துப் பிள்ளைகளுக்கும் பள்ளி எழுந்தது. 1922இல் தோன்றிய லேடி வெலிங்டன் ஆசிரியப் பயிற்சிக் கல்லூரிக்கு அவரே முதல் தலைவியுமானார்.

குறையையும் கூறிவிடுகிறேன். ஐஸ் அவுஸ் இல்லத்தின் கதவு பார்ப்பனக் கைம்பெண்களுக்கே திறந்திருந்தது. கண்ணீருக்குச் சாதி உண்டா, தோழர்களே? கதவு அகலும் அளவுக்குத்தான் தொண்டு உயரும் என்பதே அதில் நமக்குள்ள பாடம்.

ஆண்டுகள் உருண்டன. 2003ஆம் ஆண்டு, அதே இராணி மேரிக் கல்லூரியின் இடத்தில் தலைமைச் செயலகம் எழுப்ப அன்றைய அரசு முனைந்தது. மாணவியர் வளாகத்தைவிட்டு அகல மறுத்து அமர்ந்தனர். முன்னாள் மாணவியர் வந்தனர், ஆசிரியர் வந்தனர், பொதுமக்கள் குரல் கொடுத்தனர். திட்டம் கைவிடப்பட்டது. கல்லூரியைக் காத்தது எது? மதிற்சுவரா? வாயிற்காவலா? இல்லை, ஊர் காத்தது! அந்தக் கடன் தீர்ந்துவிட்டதா? என்னைக் கேட்காதீர்கள், உங்கள் நெஞ்சைக் கேளுங்கள்.

2015 டிசம்பரில் அடையாறு கரைபுரண்டு சைதாப்பேட்டையையும் கோட்டூர்புரத்தையும் மூழ்கடித்தபோது மாணவர் திரண்டனர், சோறு சுமந்தனர், சேறு அள்ளினர். போற்றுகிறோம். ஆனால் வெள்ளம் வடிந்ததும் வந்த கால்கள் திரும்பின. ஊரின் துயரம் வெள்ளத்தோடு வந்து வெள்ளத்தோடு போவதா?

நாட்டு நலப்பணித் திட்டம் இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது. 1969 செப்டம்பர் 24ஆம் நாள், 37 பல்கலைக்கழகங்களில் 40,000 மாணவரோடு தொடங்கிய திட்டம் அது. இரண்டாண்டில் 240 மணி நேரம் உழைக்கவேண்டும். ஏழு நாள் முகாமிலும் தங்கவேண்டும். உண்மையாய் உழைப்போர் பலர், அவர்களை வணங்குகிறேன். எனினும் சில இடங்களில் நடப்பதென்ன? காலையில் குப்பத்துக்குப் பேருந்து வரும். பதாகை விரியும். பளபளக்கும் துடைப்பங்கள் இறங்கும். நண்பகலுக்குள் எல்லாம் ஏறிவிடும். துடைப்பம் பிடித்தது தெருவைத் துப்புரவாக்கவா, படம் பிடிக்கவா?

மூன்று வேண்டுகோள் வைக்கிறேன்.

முதலில், கேளுங்கள். என்ன தேவை என்று குப்பத்து அம்மா சொல்லட்டும். அவர் கேட்பது துடைப்பமாக இராது. குடும்ப அட்டைக்கும் முதியோர் உதவித்தொகைக்கும் விண்ணப்பம் எழுதித்தர ஒரு கையாக இருக்கலாம். சட்டம் பயில்வோர் அதைச் செய்யுங்கள். மகளிர் குழுவின் கணக்கை வணிகவியல் மாணவர் பாருங்கள். மழைநீர் எங்கே தேங்குகிறதென்று பொறியியல் மாணவர் தெருத்தெருவாய் அளந்து, மாநகராட்சியிடம் கொடுங்கள்.

இரண்டாவது, நில்லுங்கள். ஒரு வகுப்பு படித்து முடித்து வெளியேறினால், அடுத்த வகுப்பு அதே தெருவைப் பொறுப்பேற்கட்டும். முகம் மாறலாம், முறை அறுபடக்கூடாது.

மூன்றாவது, அழையுங்கள். காற்றின் போக்கையும் நீரோட்டத்தின் திசையையும் கண்ணால் அளக்கும் மீனவப் பெரியவர், நிலவியல் வகுப்பில் ஆசிரியர் நாற்காலியில் அமரட்டும்! விடுமுறை நாளில் நூலகக் கதவு அக்கம்பக்கத்துப் பிள்ளைகளுக்குத் திறக்கட்டும்!

நம் தோழர்களுக்கும் ஒரு சொல். வட்டந்தோறும் நீங்கள் பாலமாகுங்கள், முதலாளியாகாதீர்கள். மாணவரை ஊருக்கு அறிமுகம் செய்துவைத்துவிட்டு ஒதுங்கி நில்லுங்கள்.

மூலையில் முடங்கியவளைப் படியேற்றிய கடற்கரை இது. இன்னும் படியேறாதவர் அதே கரையில் காத்திருக்கின்றனர். அவர்கள் கேட்பது இரக்கமன்று, பங்கு. கதவு திறக்கட்டும், கடன் தீரட்டும்!