கொஞ்சம் நகர்ந்து உட்காருங்கள்

திருநெல்வேலி மாவட்டத்து வடக்கன்குளம் தேவாலயம், பீடத்திலிருந்து இரண்டு கைகளாகப் பிரிந்து நிற்கும். சாதி பார்த்துத் தனித்தனியே உட்கார 19-ஆம் நூற்றாண்டில் அப்படிக் கட்டினார்கள். நடுவே சுவர் வேறு. 1910-இல் பாதிரியார் கௌசானல் அதை இடிக்க வைத்தார். அதை எதிர்த்த வழக்கு உயர் நீதிமன்றம் வரை போனது. சுவர் திரும்ப எழவில்லை.

கண்ணுக்குத் தெரியாத சுவர்கள் இன்னும் உண்டு. கோயிலுக்கு வராதவரை 'விசுவாசம் குறைந்தவர்' என்று சட்டென்று சொல்லிவிடுகிறோம். அது தவறு. மணமுறிவு பெற்ற பெண்ணிடம் காரணத்தைத் துருவினால், காணிக்கைத் தொகையைப் பெயரோடு ஒலிபெருக்கியில் வாசித்தால், அடுத்த வாரம் யார் வருவார்கள்?

இந்த ஞாயிறு கடைசி வரிசையில் ஒருவர் தயங்கி நின்றால், எதுவும் கேட்காமல் நகர்ந்து இடம் கொடுங்கள். பாட்டுப் புத்தகத்தை அவர் பக்கம் நீட்டுங்கள்.