முதலில் தேதியைப் பாருங்கள்!
(நம் சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



நான் பி.காம். படித்து, வங்கியில் கிளார்க்காக வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். கம்ப்யூட்டர் இன்ஜினியர் இல்லை. அந்தப் படிப்புப் படித்த பிள்ளைகள் நம் குடியிருப்பில் நிறைய இருக்கிறார்கள். அவர்களுக்கு நேரம் இல்லை, எனக்கு இருக்கிறது. அதனால்தான் செயலாளர் என்னைப் பேசச் சொன்னார்.

பழைய கம்ப்யூட்டரில் விண்டோஸ் அப்டேட் ஏறாவிட்டால் என்ன செய்வது என்பதுதான் விஷயம்.

முதலில் நான் பட்ட பாட்டைச் சொல்லிவிடுகிறேன். 2014-ல் மகன் வாங்கிக் கொடுத்த டெஸ்க்டாப் என்னுடையது. ஒரு நாள் ராத்திரி அப்டேட் 35 சதவீதத்தில் நின்றுவிட்டது. முக்கால் மணி நேரம் பார்த்தேன், பொறுமை போய் சுவிட்சை அணைத்துவிட்டேன். மறுபடி போட்டால் விண்டோஸ் வரவே இல்லை. கடைக்குக் கொண்டு போனேன். "ஃபார்மட் பண்ணிடலாமா சார்?" என்றார்கள். தலையாட்டினேன். அப்பாவின் சதாபிஷேகப் படங்கள் அத்தனையும் அதோடு போயின. அப்பா இப்போது இல்லை. கடைக்காரர் கேட்டுத்தான் செய்தார். வங்கியில் ஒவ்வொரு வவுச்சரையும் பத்திரப்படுத்திய நான், வீட்டுப் படங்களுக்கு ஒரு காப்பி எடுத்து வைக்கவில்லை.

ஆகவே முதல் வேலை காப்பி. படங்கள், பென்ஷன் காகிதங்கள், வருமான வரி ஃபைல்கள் எல்லாவற்றையும் ஒரு பென் டிரைவிலோ வெளி ஹார்டு டிஸ்கிலோ போட்டு, அதைக் கழற்றி பீரோவில் வையுங்கள். அதற்குப் பிறகுதான் மற்றதெல்லாம்.

இரண்டாவது, திரையின் வலது மூலையில் இருக்கும் தேதி. பழைய கம்ப்யூட்டரில் இதை யாரும் பார்ப்பதில்லை. உள்ளே காசு மாதிரி ஒரு சின்ன பேட்டரி இருக்கிறது. சி.ஆர். 2032 என்று கேட்டால் கடையில் கொடுப்பார்கள். மெயின் சுவிட்சை அணைத்தாலும் கடிகாரத்தை ஓட வைப்பது அதுதான். சில வருடங்களில் அது தீர்ந்துவிடும். அப்புறம் ஒவ்வொரு முறை போடும்போதும் தேதி பழைய வருடத்துக்குப் போய்விடும்.

தேதி தப்பானால் அப்டேட் ஏன் வராது? பின்தேதியிட்ட செக்கை அந்தத் தேதிக்கு முன்னால் கொண்டுவந்தால் வங்கியில் திருப்பி அனுப்புவோம் இல்லையா, அதே கதைதான். எதிர்முனையில் இருக்கும் கம்ப்யூட்டர் ஒரு பாதுகாப்புச் சான்றிதழைக் காட்டும். அதில் எந்தத் தேதியிலிருந்து எதுவரை செல்லும் என்று இருக்கும். நம் கம்ப்யூட்டர் இன்னும் 2014 என்று நினைத்துக்கொண்டிருந்தால், 'இது இன்னும் செல்லாது' என்று மறுத்துவிடும். நெட் பேங்கிங் பக்கம் திறக்காததற்கும் பல நேரம் இதுவே காரணம். வங்கியில் காலையில் முதல் வேலை ரப்பர் ஸ்டாம்பில் தேதியைத் திருப்புவது. இங்கேயும் அப்படித்தான். டெஸ்க்டாப்பில் பேட்டரி மாற்றுவது எளிது. பிளக்கைக் கழற்றிவிட்டுச் செய்ய வேண்டும். லேப்டாப் என்றால் தெரிந்தவரிடம் கொடுங்கள்.

மூன்றாவது, இடம். 80070070 என்று முடியும் பிழை எண் வந்தால் டிஸ்கில் இடம் போதவில்லை என்று அர்த்தம். நான் 20 ஜி.பி.யாவது காலியாக வைத்துக்கொள்கிறேன். செட்டிங்ஸ், சிஸ்டம், ஸ்டோரேஜ் போய் தற்காலிக ஃபைல்களை அழிக்கலாம். ஆனால் அந்தப் பட்டியலில் 'டவுன்லோட்ஸ்' என்று ஒரு வரி இருக்கும். அதில் டிக் இருந்தால் எடுத்துவிடுங்கள். நாம் இறக்கி வைத்த பென்ஷன் சிலிப்பெல்லாம் அங்கேதான் இருக்கும்.

நான்காவது, 'ஷட் டவுன்' செய்து மறுபடி போடுவதை விட 'ரீஸ்டார்ட்' கொடுங்கள். சாதாரணமாக விண்டோஸ் 10-ல் ஷட் டவுன் கொடுத்தால் முழுதாக அணையாது, பாதித் தூக்கம்தான். ரீஸ்டார்ட்தான் எல்லாவற்றையும் புதிதாகத் தொடங்கும். அதற்கும் மசியாவிட்டால் செட்டிங்ஸில் 'ட்ரபிள்ஷூட்' என்ற பகுதி இருக்கிறது. அதில் விண்டோஸ் அப்டேட்டைத் தேர்ந்தெடுத்து ஓடவிடுங்கள்.

ஐந்தாவது, பொறுமை. பழைய ஹார்டு டிஸ்கில் ஒரே சதவீதத்தில் மணிக்கணக்கில் நிற்பது சகஜம். டிஸ்க் விளக்கு மினுக்கிக்கொண்டிருந்தால் வேலை நடக்கிறது. கரண்ட் போகும் என்று அறிவித்த நாளில் தொடங்காதீர்கள். நம் ஜெனரேட்டர் எல்லா பிளக் பாயிண்டுக்கும் வராது. லேப்டாப்பை சார்ஜரில் போட்டுவிட்டுத் தொடங்குங்கள்.

இவ்வளவு பாடு ஏன் என்று கேட்பீர்கள். விண்டோஸ் 10-க்கு வழக்கமான பாதுகாப்பு அப்டேட் 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்தது. என்னுடையது போன்ற பழைய இயந்திரம் விண்டோஸ் 11-க்குத் தகுதி பெறாது. டி.பி.எம். 2.0 என்ற பாதுகாப்பு வசதியும் புதிய தலைமுறை பிராசசரும் வேண்டும். உங்களுடையது தேறுமா என்று மைக்ரோசாஃப்டின் 'பிசி ஹெல்த் செக்' சொல்லிவிடும். தேறாதவர்கள் வீட்டுக் கம்ப்யூட்டரைப் பதிவு செய்துகொண்டால் 2026 அக்டோபர் 13 வரை பாதுகாப்பு அப்டேட் பெறலாம். அதற்கு விண்டோஸ் 10-ன் கடைசிப் பதிப்பான 22எச்2 இருக்க வேண்டும். அப்டேட் ஏறினால்தானே அந்தப் பதிப்பு வரும்! அதற்கப்புறமும் இயந்திரம் நன்றாக ஓடினால், இலவசமாகக் கிடைக்கும் லினக்ஸ் மின்ட் போடலாம். எதுவும் செய்யாமல் அதே கம்ப்யூட்டரில் நெட் பேங்கிங் மட்டும் செய்யாதீர்கள்.

கடைசியாக ஒன்று. 'உங்கள் விண்டோஸ் காலாவதி ஆகிவிட்டது, சரி செய்கிறேன்' என்று யாராவது போனில் கூப்பிட்டால் உடனே வைத்துவிடுங்கள். அப்படி யாரும் தாங்களாகக் கூப்பிட மாட்டார்கள். பணம் போய்விட்டால் தாமதிக்காமல் 1930-க்கு அழையுங்கள்.

சனிக்கிழமை மாலை சங்க அறையில் இருப்பேன். சந்தேகம் இருந்தால் கம்ப்யூட்டரோடு வாருங்கள். "காப்பி எடுத்தாச்சா?" என்றுதான் முதலில் கேட்பேன். எடுக்கவில்லை என்றால் கீபோர்டைத் தொட மாட்டேன்.