மடியில் இருந்த சாவி



கலைப்படைப்பு, கிறிஸ்தவ விசுவாசம், உளவியல் பணி ஆகிய மூன்றையும் சேர்த்துவைத்துப் பேச இரண்டு நாள் கூடியிருக்கிறோம். தலைமை ஏற்கும் பொறுப்பைத் தந்த அமைப்பாளர்களுக்கு நன்றி. என் வாழ்க்கையில் இவை நெடுங்காலம் தனித்தனி அறைகளாகவே இருந்தன. ஞாயிற்றுக்கிழமை ஆலயம், வாரநாளில் ஆலோசனை அறை, இரவில் ஓவியப் பலகை. ஒன்றைச் சாத்திவிட்டுத்தான் மற்றொன்றைத் திறப்பேன். இடைக்கதவுகளைத் திறந்துவிட்டவர், 17-ஆம் நூற்றாண்டில் பாத்திரங்களுக்கு ஓட்டை அடைத்துப் பிழைத்த ஓர் ஆங்கிலேயர். ஜான் பன்யன் என்பது அவர் பெயர்.

பாளையங்கோட்டையில் கூடியிருக்கும் நமக்கு அவர் அயலார் அல்லர். வைணவக் குடும்பத்தில் 1827-இல் பிறந்து, கம்பனில் தோய்ந்து வளர்ந்து, 1858-இல் திருமுழுக்குப் பெற்றவர் எச். ஏ. கிருட்டிணபிள்ளை. பன்யனின் மோட்சப் பயணக் கதையைத்தான் அவர் இரட்சணிய யாத்திரிகம் என்னும் காப்பியமாக்கி 1894-இல் நம் கையில் தந்தார்.

பன்யன் தம் வேதனையை இருமுறை எழுதினார். முதல்முறை, அனுமதியின்றிப் பிரசங்கித்ததற்காகப் பெட்ஃபோர்ட் சிறையில் இருந்தபோது, 1666-இல் வெளிவந்த தன்வரலாற்றில். கிறிஸ்துவை விற்றுவிடும்படி தூண்டும் ஓர் எண்ணம் இரவும் பகலும் தம்மைத் துரத்தியதை அதில் சொல்கிறார். சாப்பிடும்போதும் வரும், குனிந்து ஒரு குண்டூசியை எடுத்தாலும் வரும். மாட்டேன், மாட்டேன் என்று பதில் சொல்லிச் சொல்லி, கைகளாலும் முழங்கைகளாலும் அதைத் தள்ளிப் பார்த்திருக்கிறார். உளவியலாளர் வில்லியம் ஜேம்ஸ், சமய அனுபவங்களைப் பற்றி 1902-இல் வெளியிட்ட நூலில் பன்யனை அக்கறையோடு எடுத்துப் பேசுகிறார். முந்நூறு ஆண்டுகளுக்கும் முன்பு வாழ்ந்தவருக்கு நோய்ப்பெயர் சூட்டுவது முறையாகாது. ஆனால் எண்ணச் சுழற்சி நோயோடு நம்மிடம் வருகிறவர்கள் இதே மொழியில்தான் பேசுகிறார்கள். பதில் சொல்லச் சொல்ல எண்ணம் வலுக்கிறது என்பதும் நாம் அன்றாடம் காண்பதே.

இரண்டாம் முறை, 1678-இல், அதே வேதனையை அந்த மோட்சப் பயணக் கதையாக்கினார். அங்கே மனச்சோர்வு ஒரு சேற்று உளை. சந்தேகம் ஒரு கோட்டை. விரக்தி அந்தக் கோட்டையில் வாழும் அரக்கன். உள்ளுக்குள் இருந்த ஒன்று வெளியே வந்து, நடந்து கடக்கக்கூடிய நிலப்பரப்பாக விரிந்துவிட்டது. பிரச்சினையை மனிதரிடமிருந்து பிரித்து, அதற்கு ஒரு பெயர் கொடுக்கும் முறையை மைக்கேல் வைட்டும் டேவிட் எப்ஸ்டனும் 1990-இல் வெளியான தங்கள் நூலில் சிகிச்சை நெறியாக விளக்கினார்கள். அந்த வழியில் ஒரு கலைஞன் முன்பே நடந்திருக்கிறான்.

என்னிடம் வந்த ஓர் இளைஞரைப் பற்றிச் சொல்ல அவர் அனுமதி தந்திருக்கிறார்; அடையாளங்களை மாற்றியிருக்கிறேன். நற்கருணை வாங்க முழங்காலிடும்போதெல்லாம் ஆண்டவரைப் பழிக்கும் சொற்கள் அவர் மனத்தில் ஓடின. மன்னிக்க முடியாத பாவம் செய்துவிட்டேன் என்று அழுதார். நான் அவசரப்பட்டேன். ஆறுதலான வசனங்களை அடுக்கினேன், ஜெபித்தேன். மறுவாரம் அவர் வரவில்லை. நான் தந்த ஒவ்வொரு உறுதியும் அவர் மனத்தில் இன்னொரு கேள்வியாகத் திரும்பியிருந்தது.

ஒரு மாதம் கழித்து வந்தார். இம்முறை ஒரு தாளையும் கரிக்கோலையும் வைத்துவிட்டுப் பேசாமல் இருந்தேன். ஆலயக் கோபுரத்தை வரைந்தார். சிலுவைக்குப் பக்கத்தில் ஒரு காக்கையை வரைந்து, தாள் கிழியும் அளவுக்கு அழுத்தி அழுத்திக் கறுப்பாக்கினார். “இது யாருங்க தம்பி?” என்று மட்டும் கேட்டேன். நெடுநேரம் பார்த்திருந்துவிட்டு, “இதுதான் சார் கத்திக்கிட்டே இருக்கு” என்றார். எண்ணத்துக்குப் பதில் சொல்லாமல் அதைக் கடந்துபோகப் பழக்கும் முறையான சிகிச்சை பல வாரம் நடந்தது. மனநல மருத்துவரின் மருந்தும் தொடர்ந்தது. ஒரு திங்கட்கிழமை வந்து, “நேத்தும் காக்கா கத்துச்சு சார். நான் பாட்டை நிறுத்தல” என்றார்.

பன்யனின் கதையில் ஒரு காட்சியை இந்த அவையின் முன் வைக்க விரும்புகிறேன். பயணியும் அவன் தோழனும் அரக்கனின் இருட்டறையில் புதன்கிழமை முதல் கிடக்கிறார்கள். உயிரை மாய்த்துக்கொள்ளும்படி அரக்கன் சொல்கிறான், பயணி தளர்ந்துபோகிறான். தோழனிடம் சாவி கிடையாது. அவன் உடன் இருக்கிறான், பேசுகிறான், பயணி இதற்குமுன் தாங்கியவற்றை நினைவூட்டுகிறான், அவனோடு ஜெபிக்கிறான். ஞாயிறு விடிவதற்குச் சற்று முன்தான், வாக்குத்தத்தம் என்னும் சாவி தன் மடியிலேயே இருப்பது பயணிக்கு நினைவு வருகிறது.

நம் தொழிலின் அறமும் விசுவாசத்தின் பொறுமையும் இந்தக் காட்சியில் சந்திக்கின்றன. விடுதலையின் சாவி வருகிறவரிடமே இருக்கிறது. அது அவர் கைக்குத் தட்டுப்படும்வரை இருட்டில் உடன் இருப்பதே நம் பணி. சேற்று உளையைப் பற்றிப் பன்யன் இன்னொன்றும் சொல்கிறார்: அதைத் தூர்க்க இருபதாயிரம் வண்டி நல்ல போதனைகளைக் கொட்டியும் அது சேறாகவே இருக்கிறதாம். ஆலோசகர்களும் போதகர்களும் சேர்ந்து நினைவில் வைக்க வேண்டிய செய்தி இது.

ஆகவே அமர்வுகளுக்கு மூன்று வேண்டுகோள்கள். வருகிறவர் வரைந்த படத்துக்கு நாமே பொருள் சொல்லிவிடக் கூடாது; கறுப்பு என்றால் துக்கம் என்று எந்த அகராதியும் இல்லை. வேறு நம்பிக்கை கொண்டவர், நம்பிக்கையே இல்லாதவர் முன் நம் விசுவாசம் நேர்மையாகவும் அன்பாகவும் வெளிப்படட்டும். ஒருபோதும் நிபந்தனையாகிவிடக் கூடாது. மூன்றாவதாக, அந்தப் படங்கள் அவர்களுடையவை. மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017 அவர்களின் அந்தரங்கத்தை உரிமையாகவே தந்திருக்கிறது. நம் கண்காட்சி ஆசைக்கு அது அடங்கிப்போகக் கூடாது.

சாவி கிடைத்த பிறகும் வெளி வாசலின் இரும்புப் பூட்டு எளிதில் திறக்கவில்லை என்று பன்யன் எழுதினார். பன்னிரண்டு ஆண்டு சிறையிருந்தவர் பூட்டுகளை அறிந்தவர். நலமடைதல் கடினம் என்பதை மறைக்காத கலையும், அதை மறுக்காத விசுவாசமும், அதற்கு நாள் குறிக்காத உளவியலும் இந்த அவையில் ஒன்றோடொன்று பேசட்டும் என்று வேண்டி, மாநாட்டைத் தொடங்கி வைக்கிறேன்.