தானா ராத்தாவில் எங்கே தங்கலாம்?



பள்ளி விடுமுறை நெருங்கினால் எனக்கு வரும் அழைப்புகளில் பாதிக்கு மேல் ஒரே கேள்விதான். "கேமரன் மலைக்குப் போறோம் அண்ணே, எங்க ரூம் போடலாம்?" சுற்றுலா வழிகாட்டியாகப் பல காலம் குடும்பங்களை அந்த மலைக்கு அழைத்துப் போகிறவன் என்பதால் என்னிடம் கேட்கிறார்கள். நான் திருப்பிக் கேட்பது இதுதான்: "கூட வர்றவங்கள்ல வயசானவங்க யாரு? அவங்க முட்டி எப்படி இருக்கு?" அது தெரியாமல் நான் எந்த விடுதியின் பெயரையும் சொல்வதில்லை.

தாப்பாவிலிருந்து ஏறினால் முதலில் ரிங்லெட் வரும். அடுத்தது தானா ராத்தா, கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,440 மீட்டர் உயரம். இன்னும் நாலைந்து கிலோமீட்டர் ஏறினால் பிரிஞ்சாங். விடுதிகள் அதிகம் இருப்பது பிரிஞ்சாங்கில். ஸ்ட்ராபெரி தோட்டம், காய்கறிச் சந்தை எல்லாம் அந்தப் பக்கம்தான். ஆனால் நீண்ட விடுமுறைகளில் அந்தச் சாலையில் வண்டிகள் ஊர்ந்துதான் போகும். பிள்ளைகள் பின்சீட்டில் அழ ஆரம்பித்துவிடுவார்கள்.

தானா ராத்தா அப்படியில்லை. மலாய்ப் பெயருக்கேற்ற சமதரை. மேடும் பள்ளமுமான இந்த மலையில் தடி ஊன்றியவர்கள்கூட நடக்கக்கூடிய ஊர். பேருந்து நிலையம், அரசாங்க மருத்துவமனை, நம்மவர்களின் சாப்பாட்டுக் கடைகள் எல்லாமே பெரிய சாலையை ஒட்டித்தான் இருக்கின்றன. கார் இல்லாமல் வந்தாலும் சமாளிக்கலாம். கால் வலுவுள்ள இளையவர்களுக்கு ஊரை ஒட்டியே காட்டுப்பாதைகள் உண்டு: ராபின்சன் அருவிக்கு ஒன்று, 1,696 மீட்டர் உயரமுள்ள ஜாசார் மலைக்கு ஒன்று.

ஊரின் வயதையும் சொல்லிவிடுகிறேன். நில அளவையாளர் வில்லியம் கேமரன் இந்தப் பக்கம் வந்தது 1885-இல். தாப்பா சாலை 1931-இல்தான் மேலே வந்து சேர்ந்தது. அதன் பிறகு வெயிலுக்குப் பயந்த துரைமார்கள் கணப்படுப்பும் புகைபோக்கியும் வைத்துக் கட்டிக்கொண்ட பங்களாக்களில் சில இன்று தங்கும் விடுதிகள். தாய்லாந்துப் பட்டு வணிகர் ஜிம் தாம்சன் 1967 மார்ச் 26-இல் அப்படி ஒரு பங்களாவிலிருந்து வெளியே போனவர், திரும்பவே இல்லை. போலீஸ், ராணுவம், பூர்வகுடி மக்கள் எல்லோரும் காட்டைச் சல்லடை போட்டுத் தேடினார்கள். இந்தக் கதையைத் தொடங்கினால் ஒரு மணி நேரம் போதாது. இன்னொரு நாள் சொல்கிறேன்.

எனக்கு அதைவிட முக்கியமான கதை தேயிலையுடையது. போ தோட்டத்தை 1929-இல் தொடங்கிய ஜே.ஏ. ரஸ்ஸல்தான் பத்து ஆராங் நிலக்கரிச் சுரங்கத்துக்கும் பின்னால் இருந்தவர். மலைக்கு முதல் போட்டவர் அவர். முதுகு கொடுத்தவர்கள் நம் பாட்டன் பாட்டிகள். காடு வெட்டினார்கள், கன்று நட்டார்கள், லயங்களில், அந்த வரிசை வீடுகளில், பிள்ளை பெற்றார்கள். அந்தப் பிள்ளைகளில் பலர் இன்று ஈப்போவிலும் கிள்ளானிலும் பேரப்பிள்ளைகளோடு இருக்கிறார்கள். அவர்களும் விடுமுறைக்கு மலையேறி வருகிறார்கள் என்பதை ரூம் போடுகிறவர்கள் மறந்துவிடுகிறார்கள்.

தெலுக் இந்தானிலிருந்து வந்த ஒரு குடும்பத்தைச் சொல்ல வேண்டும். பாட்டி போ தோட்டத்து லயத்தில் பிறந்தவர். மலைச்சரிவில் நிற்கும் உயரமான அடுக்குமாடியில் பேரன் இடம் பிடித்திருந்தான். படங்களில் அழகாகத்தான் இருந்தது. ஆனால் கடைக்குப் போவதென்றாலும் கார் வேண்டும். எல்லோரும் ஸ்ட்ராபெரி பறிக்கப் போன நேரத்தில் பாட்டி சன்னலோரம் தனியாக உட்கார்ந்திருந்தார். அன்று மாலையே நான் பேரனிடம் பேசி, தானா ராத்தா கடை வரிசைக்குப் பின்னால் ஒரு சிறிய விடுதிக்கு அவர்களை மாற்றினேன்.

மறுநாள் விடியற்காலையில் பாட்டியைக் காணோம். வீட்டார் பதறிவிட்டார்கள். போய்ப் பார்த்தால், சாப்பாட்டுக் கடையில் சுடச்சுட தே ஓ குடித்துக்கொண்டு இன்னொரு பாட்டியோடு பேசிக்கொண்டிருக்கிறார்! எந்தத் தோட்டம், எந்த லயம், யார் வீட்டுப் பொண்ணு என்று மூன்று கேள்வியில் உறவு பிடித்துவிட்டார்கள். இருட்டிலேயே பெரட்டுக்கு ஓடியது, அதுதான் இளைய நேயர்களே, விடியலில் ஆள் கணக்கெடுத்து வேலைக்குப் பிரித்து அனுப்புவது; நனைந்த கொழுந்துக் கூடை தோளை அறுத்தது, பனிக்குச் சாக்கை இடுப்பில் சுற்றிக்கொண்டது என்று ஒருவர் விட்ட இடத்தில் மற்றவர் தொடர்ந்தார். பேரன் கைப்பேசியைப் பைக்குள் வைத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தான். பாட்டி அப்படிப் பேசி அவன் கேட்டதே இல்லையாம்.

பிற்பகலில் எல்லோரும் தோட்டத்துக்குப் போனோம். ஆளுக்கொரு பக்கம் பிடித்து இழுக்கும் இயந்திரத்தால் வெளிநாட்டுத் தொழிலாளர்கள் கொழுந்து வெட்டிக்கொண்டிருந்தார்கள். பாட்டி ஒரு செடியின் அருகே குனிந்து இரண்டு இலையும் ஒரு மொட்டுமாக விரல் நுனியால் கிள்ளிக் காட்டினார். கை அந்த வேலையை மறக்கவேயில்லை.

சரி, அறைக்கு வருவோம். இந்த ஊரில் பல அறைகளில் ஏர்கான் கிடையாது, தேவையும் இல்லை. சராசரி வெப்பமே 18 பாகைதான். இரவில் இன்னும் குறையும். இங்கே எதிரி ஈரம். பணம் கட்டும் முன் அலமாரிக் கதவைத் திறந்து முகர்ந்து பாருங்கள். கட்டிலுக்குப் பின்சுவரில் கறுப்பாகப் பூஞ்சை படர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். போர்வையைக் கன்னத்தில் வைத்தால் காய்ந்ததா, வெறும் குளிரா என்று தெரிந்துவிடும். வெந்நீர்க் குழாயை முழுதாகச் சூடேறும்வரை திறந்து விடுங்கள். ஆஸ்துமா உள்ள பிள்ளையும் மூட்டுவலிக்காரரும் கூட வந்தால் இதில் விட்டுக்கொடுக்காதீர்கள். சன்னல் கிழக்கே பார்த்திருந்தால் நல்லது. இங்கே பல நாள் மத்தியானத்துக்கு மேல் மேகம் இறங்கிவிடும். காலை வெயில்தான் அறையைக் காயவைக்கும்.

இன்னொன்றும் கேளுங்கள். கட்டடத்துக்கு மேலே என்ன இருக்கிறது, வெட்டிய சரிவா, காடா? மழைக்காலத்தில் இந்த மலை விளையாட்டுக்குரியதல்ல. 2013 அக்டோபரில் கனமழைக்குப் பின் அணைக்கட்டிலிருந்து திறந்துவிட்ட நீர் பெர்த்தாம் பள்ளத்தாக்கில் உயிர்களைக் கொண்டு போனது.

வாடகையைப் பற்றிச் சொல்ல நேரமில்லை. வார நாளில் போனால் குறைவு, அது போதும். வானொலி நிலையத்தார் கடிகாரத்தைக் காட்டுகிறார்கள். இந்த விடுமுறையில் மலையேறும் குடும்பங்கள் ரூம் போடும் முன் வீட்டுப் பெரியவர்களிடம், "பாட்டி, நீங்க எந்தத் தோட்டத்துல இருந்தீங்க?" என்று ஒரு வார்த்தை கேட்பீர்கள் என்று நம்புகிறேன். சொன்னால், அந்தத் தோட்டத்துக்குக் கிட்டத்தில் இடம் பாருங்கள். பாட்டிக்குக் கம்பளிச் சட்டை மறக்காதீர்கள்.