டன்னாட்டர் கோட்டை



பல்லாண்டுகள் பள்ளியிலே சரித்திரம் கற்பித்தவன் நான். ஓய்வு பெற்ற பின்னர், நூல்களிலும் படங்களிலும் நான் கண்டு வியந்த கோட்டை ஒன்றைப்பற்றி இன்று பேச விழைகின்றேன்.

ஸ்காட்லாந்தின் கீழ்க்கடற்கரையில், ஸ்டோன்ஹேவன் என்னும் ஊருக்குத் தெற்கே இரண்டு மைல் தொலைவில் உள்ளது டன்னாட்டர் கோட்டை. கூழாங்கற்களைச் சாந்திலே பதித்தாற்போன்ற பெரும்பாறை ஒன்று ஏறக்குறைய 160 அடி உயரத்திற்குக் கடலிலே நீண்டு நிற்கின்றது. குறுகிய நிலத்துண்டு ஒன்றே அதனைக் கரையோடு இணைப்பது. பள்ளத்தில் இறங்கி, மீண்டும் செங்குத்தாக ஏறித்தான் வாயிலை அடைதல் வேண்டும். உச்சியிலே, 14-ஆம் நூற்றாண்டில் கீத் குலத்துப் பிரபு எழுப்பிய கோபுரமும், கூரையிழந்த மாளிகைகளும் அலையோசைக்கிடையே நிற்கின்றன.

1651-ஆம் ஆண்டு கிராம்வெலின் படை இதனை முற்றுகையிட்டது. ஸ்காட்லாந்து மன்னரின் மணிமுடியும் செங்கோலும் வாளும் அப்போது உள்ளே இருந்தன. எட்டு மாதம் தாக்குப்பிடித்த கோட்டை, 1652 மே மாதத்தில் பணிந்தது. புகுந்தவர்கள் தேடினர்; மணிமுடி அகப்படவில்லை! கினெப் என்னும் சிற்றூர்ப் பாதிரியாரின் மனைவி கிறிஸ்டியன் பிளெச்சர் என்பவர், பகைவர் கண்ணில் படாமல் அவற்றை முன்னரே வெளியேற்ற உதவியிருந்தார். அவ்வூர்த் தேவாலயத்தின் தரைக்கடியில் புதையுண்டு, 1660 வரை அவை பத்திரமாயிருந்தன. இன்று அவை எடின்பரோக் கோட்டையில் உள்ளன.

அரசச் சின்னங்களைக் காத்த அதே பாறையில், 1685-ஆம் ஆண்டு வேறொரு காட்சி. சமயத்தில் மன்னருக்குத் தலைமை இல்லை என்று உறுதியாக நின்ற ஆடவரும் பெண்டிருமாக 167 பேரைக் கோட்டையிலே அடைத்தனர். பெரும்பாலோரை நிலவறை ஒன்றிலே நெருக்கினர். பாறைவழியே இறங்கித் தப்ப முயன்றோர் சிலர் விழுந்து மாண்டனர்.

1715-ஆம் ஆண்டுக் கிளர்ச்சியிற் கலந்துகொண்ட கீத் குலத்துப் பிரபு தம் உடைமைகளை இழந்தார். பின்னர் வணிகக் கழகம் ஒன்று கோட்டையை வாங்கி, பெயர்க்கத்தக்கவற்றையெல்லாம் பெயர்த்துக் கொண்டுபோயிற்று. 1925-இலேதான் பழுதுபார்க்கும் பணி தொடங்கியது.

நேயர்களே! மன்னர்களின் பெயரையும் போர்களின் ஆண்டையும் ஒப்பிக்கத் தவறிய சிறுவர்களை நான் பெஞ்சின்மேல் நிறுத்தியதுண்டு. முடிசூடியவர் யார் என்று ஆண்டுதோறும் வினவினேன். முடியைக் காத்தவர் யார், நிலவறையிலே வாடியவர் யார் என்று ஒருநாளும் வினவியதில்லை. அக்குறை என்னுடையதே. இன்று பாடம் நடத்தும் இளம் ஆசிரியர்களாவது அவ்வினாவையும் கேட்பாராக.