பாற்பல்லும் பாராமுகமும்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்தப்பெற்ற உரை)

 

சமயத்தையும் மொழியையும் பற்றிப் பேசுதற்கென அமைந்த இம்மேடையிலே, பல்லைப் பற்றிய பேச்சு எதற்கு எனச் சிலர் எண்ணக்கூடும். பல்லுப் போனாற் சொல்லுப் போச்சு என்பது நம் பாட்டிமார் வாக்கு. சொல் போனபின் தேவாரம் ஏது? பேச்சுப் போட்டி ஏது? ஆதலின் இப்பொருள் இம்மேடைக்கு அந்நியமானதன்று.

சென்ற விடுமுறையிற் பல்கலைக்கழகத்திலிருந்து ஊர் திரும்பியிருந்த காலை, எமது ஞாயிறு வகுப்பிற்குச் சென்றிருந்தோம். எந்நாளும் முதலில் எழுந்து பாடும் ஏழு வயதுச் சிறுமியொருத்தி, அன்று கன்னத்தைத் துணியாற் கட்டிக்கொண்டு மூலையில் ஒதுங்கியிருந்தாள். மூன்று இரவுகள் உறக்கமில்லை. கிராம்பை வைத்துக் கட்டியும் வலி தணியவில்லை. பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஆளின்றித் தாய் இரண்டு நாள் மலைக்குப் போகவில்லை. இரண்டு பேர் போயிற்று. "விழப்போற பல்லுதானே தம்பி, இதுக்கு எதுக்கு ஆஸ்பத்திரி?" என்றார் பாட்டி. மறுநாள் தாயும் மகளுமாகப் பதுளைக்கு அழைத்துச் சென்றோம். அங்கே பற்களைப் பரிசோதித்த வைத்தியர் சொன்னபோதுதான் உண்மை விளங்கிற்று. அது பாற்பல் அன்று. வாழ்நாள் முழுவதும் நிலைக்கவேண்டிய கடைவாய்ப்பல். காப்பாற்ற முடியாத நிலையில் அதைப் பிடுங்க வேண்டியதாயிற்று.

திரும்பி வரும் பஸ்ஸில் எமது நெஞ்சை உறுத்தியது வேறொன்று. நன்றாகப் பாடியதற்கு அக்குழந்தைக்கு ஞாயிறுதோறும் டொபி பரிசளித்தவர்கள் யாவர்? நாமேயல்லவா! குற்றத்தைத் தோட்டத்தின் மீதும் வறுமையின் மீதும் சுமத்துமுன், நம் கையையும் சற்றே பார்த்துக்கொள்ளல் முறையாகும்.

பல்வலி என்பது பல்லோடு நிற்பதன்று. 2007 ஆம் ஆண்டில் அமெரிக்க ஆய்வாளர்கள், சிறுபிள்ளைகளின் வாய்நோய் வாழ்வை எவ்வளவு பாதிக்கின்றது என்பதை அளத்தற்கு 13 கேள்விகளை அமைத்தனர். அவற்றுள் 9 பிள்ளையைப் பற்றியன: வலி உண்டா, உண்ண இயலுகின்றதா, உறங்குகின்றதா, பள்ளிக்குப் போகாது நின்றதா, சிரிக்கவும் பேசவும் தயங்குகின்றதா என்பன போல்வன. எஞ்சிய 4 குடும்பத்தைப் பற்றியன. பெற்றோர் மனம் வருந்தினரா, தம்மையே நொந்துகொண்டனரா, வேலைக்குப் போகாது நின்றனரா, பணச்செலவு ஏற்பட்டதா என்பனவே அவை. லயத்துக் காம்பரா ஒன்றிலே இக்கேள்விகளைக் கேட்டுப் பாருங்கள். அன்றாடக் கூலியை நம்பிய வீட்டிற் பிள்ளையின் ஒரு பல் நொந்தால் அடுப்பும் நோகின்றது.

இந்நோய் எவ்வாறு வருகின்றது? "பல்லிற் பூச்சி" என்கிறோம். கண்ணுக்குத் தெரியும் பூச்சி ஏதுமில்லை. பல்லின்மேற் படியும் படலத்தில் வாழும் நுண்ணுயிர்கள் சீனியை உண்டு அமிலத்தை உண்டாக்குகின்றன. அவ்வமிலம் பல்லை அரிக்கின்றது. உமிழ்நீர் அதனைத் தணித்துப் பல்லைச் சீராக்க அரைமணி நேரமளவு செல்லும். அதற்குள் மீண்டும் ஒரு வாய்ச் சீனித் தேத்தண்ணீர், பின்னர் ஒரு பிஸ்கட், அப்பால் ஒரு டொபி என்றால், பல்லுக்கு ஓய்வேது? எவ்வளவு சீனி என்பதைப் போலவே எத்தனை முறை என்பதும் முக்கியமாகும். இரவெல்லாம் இனிப்புப் பாலையோ தேத்தண்ணீரையோ சூப்பிப் போத்தலிற் கொடுத்து உறங்கவைப்பது மிகவும் கேடு. உறக்கத்தில் உமிழ்நீரும் குறைந்துவிடுகின்றது.

இது நம் தோட்டங்களுக்கு மாத்திரம் உரிய குறையன்று. 2015-2016 இல் நடைபெற்ற தேசிய வாய்ச்சுகாதார ஆய்வின்படி, இலங்கையில் 5 வயதுப் பிள்ளைகளுள் நூற்றுக்கு 63 பேருக்குப் பற்சொத்தை இருந்தது. ஆயினும் வைத்தியரிடம் போகப் பஸ் காசும், ஒரு நாட்கூலியும் சேர்த்து இழக்க வேண்டியவர்க்கு, ஒரே நோய் இரு மடங்கு பாரமாகின்றது.

நண்பர்களே! உலகத்துப் பல் வைத்திய நூல்கள் பலவற்றில் இலங்கைத் தேயிலைத் தொழிலாளர் பேசப்படுகின்றனர் என்பதை நம்மில் எத்தனை பேர் அறிவோம்? ஊவாவுக்கு அயலிலே, நுவரெலியா மாவட்டத்துப் பூண்டுலோயாப் பகுதியில், டன்சினன், ஹரோ ஆகிய தோட்டங்களிலே, நோர்வே நாட்டுப் பேராசிரியர் ஹரால்ட் லோ என்பாரும் அவர்தம் குழுவினரும் 1970 முதல் 1985 வரை 480 ஆண் தொழிலாளரின் வாயைக் காலத்துக்குக் காலம் பரிசோதித்தனர். தடுப்பும் சிகிச்சையும் கிட்டாத மனிதரிடத்தில் முரசுநோய் எவ்வாறு வளரும் என்பதை அறிதலே நோக்கம். நூற்றுக்கு 8 பேருக்கு நோய் விரைந்து முற்றி, 45 வயதளவிற் பற்களனைத்தும் உதிர்ந்தன. 81 பேருக்கு மெல்ல வளர்ந்தது. 11 பேர் தப்பினர். 1986 இல் வெளியான அம்முடிவுகள் இன்றும் உலகெங்கும் மாணவர்க்குப் போதிக்கப்படுகின்றன.

நம் பாட்டன்மாரைப் போன்றோர் தம் வாயைத் திறந்து உலகத்துக்கு ஓர் அறிவை ஈந்தனர். அவ்வறிவின் சாரம் யாது? நாள்தோறும் பற்படலத்தை அகற்ற வேண்டும் என்பதே. அதற்குரிய கருவி ஒரு தூரிகை. இன்று அவர்தம் பேரப்பிள்ளைகளுள் எத்தனை பேருக்குத் தமக்கென ஒரு தூரிகை உண்டு? இது எமக்கு உறக்கத்தைக் கெடுக்கும் கேள்வியாயிருக்கின்றது. இன்னுமொன்று: அத்தொழிலாளரிடத்தே முரசு கெட்டிருந்ததேயன்றிப் பற்சொத்தை அரிதாகவே காணப்பட்டது. இன்றோ லயத்து வாசற் கடையிலேயே வண்ணக் காகிதம் சுற்றிய இனிப்புத் தொங்குகின்றது. பாட்டன் காணாத நோயைப் பேரன் காண்கின்றான்.

ஆலங்குச்சியும் வேலங்குச்சியும் கொண்டு பல் விளக்கிய மரபினர் நாம். அப்பழக்கமும் போய், தூரிகையும் வராது, இடையிலே அடுப்புக்கரியும் செங்கற்பொடியும் தங்கிவிட்டன. அவை பல்லைத் தேய்த்துவிடுமேயன்றிச் சொத்தையைத் தடுக்கமாட்டா. புளோரைட் சேர்ந்த பற்பசையே தடுக்கும். அதனை உலக சுகாதார நிறுவனம் 2021 இல் இன்றியமையா மருந்துகளின் பட்டியலிற் சேர்த்துள்ளது. எனவே பற்பசை ஆடம்பரமன்று, மருந்து. மூன்று வயதுக்குட்பட்ட பிள்ளைக்கு ஓர் அரிசியளவும், ஆறு வயது வரை ஒரு பட்டாணியளவும் போதும். படுக்கைக்குப் போகுமுன் துலக்குவது மிகவும் அவசியம். ஏழெட்டு வயது வரை பெரியவர் ஒருவர் கூட நிற்றல் வேண்டும்.

பாற்பற்கள் இருபதும் விழுந்துவிடுமே என்று அசட்டை செய்யலாகாது. பின்வரும் பற்களுக்கு இடங்காத்து நிற்பவை அவை. ஆறாம் வயதில், ஒரு பல்லும் விழாமலே, கடைசியில் முளைக்கும் கடைவாய்ப்பல்லைப் பலரும் பாற்பல் என்றே மயங்குகின்றனர். எமது சிறுமிக்கு நேர்ந்ததும் அதுவே. இம்மயக்கத்தை நீக்கப் பணம் வேண்டியதில்லை, சொன்னாற் போதும்.

வாய்ப்புகளும் இல்லாமலில்லை. நியூசிலாந்து 1921 இல் பாடசாலைப் பல் தாதியரைப் பயிற்றத் தொடங்கிற்று. அந்நாட்டின் உதவியுடன் 1950களில் மகரகமையிலும் அத்தகைய பயிற்சி தொடங்கிற்று. அவ்வழி வந்த பாடசாலைப் பற்சிகிச்சையாளர்கள் இன்றும் 3 முதல் 13 வயது வரையுள்ள பிள்ளைகளைக் கவனிக்கின்றனர். அரசாங்கச் சிகிச்சை இலவசம். வலி வந்தபின் பல்லைப் பிடுங்கப் போகாது, வலி வருமுன் காட்டப் போதல் வேண்டும்.

பெரியோர்களே, கோபியாது கேட்டருள்க. வெற்றிலையும் பாக்கும் நம் மங்கல மரபு. தாம்பூலத் தட்டை நாம் குறைகூறவில்லை. ஆயின் பாக்கே புற்றுநோய் விளைக்கும் பொருள் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகவரகம் 2004 இல் வெளியிட்டுள்ளது. இலங்கை ஆண்களிடத்தே மிகுதியாய்க் காணப்படும் புற்றுநோய் வாய்ப்புற்றே. தட்டிலே மரபு இருக்கட்டும். குழந்தைகள் பார்த்துப் பழகும் வாயிலே அது நாள்முழுதும் இருக்கவேண்டாம் என்பதே எமது விண்ணப்பம்.

முடிவாக, சங்கத்தின் முன் மூன்று வேண்டுகோள்களை வைக்கின்றோம். ஒன்று, இனிமேல் ஞாயிறு வகுப்பிற் பரிசாக டொபியை நிறுத்திப் பென்சிலோ தூரிகையோ கொடுப்போம். சர்க்கரைப் பொங்கலையும் மோதகத்தையும் நிறுத்தும்படி கேட்கவில்லை. பண்டிகை நாள் இனிப்பை நாள்தோறும் இனிப்பாக்காதிருப்போம். இரண்டு, சுற்றுத் தோட்டங்களின் பிள்ளை மடுவங்களுக்குச் சென்று, ஒவ்வொரு பிள்ளைக்கும் பெயரெழுதிய தூரிகை வழங்கி, பகலுணவுக்குப்பின் பல் துலக்கும் வழக்கத்தை ஆயாமாரின் துணையுடன் ஏற்படுத்துவோம். மூன்று, ஆறு வயது நிரம்பிய பிள்ளைகளின் பெயர்களைத் தொகுத்து, பற்சிகிச்சைக்கு அழைத்துச் செல்லும் பொறுப்பை வாலிப அங்கத்தவர் முறைவைத்து ஏற்போம். தாய் தன் நாட்கூலியை இழவாதிருக்க, அவள் சம்மதத்துடன் பாட்டியையும் பிள்ளையையும் நாம் அழைத்துச் செல்லலாகாதா?

நாம் மிஷன் பாடசாலையிற் படித்த காலத்தில், காலைப் பிரார்த்தனைக்கு முன் ஆசிரியை ஒருவர் வரிசையாக எம் நகத்தையும் பல்லையும் பார்ப்பார். அன்று அது எமக்குத் தொல்லையாயிருந்தது. அது அன்பென்று இன்று உணர்கின்றோம். அவ்வன்பை நம் பிள்ளைகளுக்குச் செய்ய நம் சங்கத்துக்கு யார் தடை?

அச்சிறுமி மீண்டும் வகுப்புக்கு வருகின்றாள், பாடுகின்றாள். சிரிக்கும்போது மாத்திரம் கையால் வாயை மறைத்துக்கொள்கின்றாள். அடுத்த ஆண்டு விழாவில் இம்மேடையிற் பாடப்போகும் குழந்தைகள் ஒருவரேனும் அவ்வாறு வாயை மறைக்காதிருப்பாராக.